திருப்பி அனுப்பாதே: பி. எஸ். சிம்னியின் ஆய்வும் அகதிகளின் அரசியலும்

2021 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால மனுவின் மீது உத்தரவு பிறப்பித்தது. ஜம்முவில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியா மக்களை மியான்மாருக்கு நாடு கடத்தக் கூடாது என்று கேட்ட மனு அது. சமத்துவ உரிமையும் உயிருக்கான உரிமையும் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை என்பது, இந்தியாவில் எங்கும் குடியிருக்கலாம் என்ற குடிமக்களின் உரிமையோடு ஒட்டியது, அதை வெளிநாட்டவர் கோர முடியாது என்றது. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது.

இருபத்தைந்து நாள் கழித்து, மே 3 அன்று, மணிப்பூர் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு மனுவுக்குத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மாரிலிருந்து எல்லை தாண்டி மோரேவுக்குள் வந்த எழுவர், பத்திரிகையாளர்களும் குழந்தைகளுமாக, புகலிடம் கேட்டிருந்தார்கள். ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கும் என்று நீதிமன்றம் சொல்லிற்று. டெல்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்துக்குப் போய் அவர்கள் பாதுகாப்புக் கேட்கப் பாதுகாப்பான பயணத்துக்கும் வழிசெய்தது.

ஒரே நாடு, ஒரே அரசியலமைப்பு. ஓடி வந்தவர்களும் ஒரே தேசத்திலிருந்து வந்தவர்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு விடைகள். கொலைக்களத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பாதே என்ற பன்னாட்டு நெறி, அதை எழுதிய உடன்படிக்கையில் கையெழுத்தே இடாத ஒரு நாட்டில் எப்படி உயிர் வாழ்கிறது, எப்போது மூச்சு முட்டுகிறது என்ற கேள்வியைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் பூபிந்தர் சிங் சிம்னி. பி. எஸ். சிம்னி என்றால்தான் சட்ட உலகத்துக்குத் தெரியும். இந்த அறக்கட்டளை உரை அவருடைய ஆய்வைப் பற்றியது. அந்த ஆய்வு தொடும் மனிதர்களைப் பற்றியதும்கூட. அவர்களில் தமிழர் பலர்.

சிம்னி புதுடில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பன்னாட்டுச் சட்டம் கற்பித்தவர். பன்னாட்டுச் சட்டத்தை மூன்றாம் உலக நாடுகளின் கண்கொண்டு வாசிக்கும் அறிஞர் வட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1996 முதல் 2000 வரை அகதிகள் உயர் ஆணையரின் கல்வியாளர் ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். ஆகவே அவருடைய விமரிசனம் வெளியில் நின்று கல்லெறிந்தவரின் விமரிசனம் ஆகாது. அந்த அலுவலகத்தின் கோப்புகளையும் பேச்சுவழக்கையும் அறிந்தவர் செய்த விமரிசனம் அது.

அவர் முதலில் நம்மைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது 1951-ஐ. அந்த ஆண்டு ஜூலை 28 அன்று ஜெனீவாவில் அகதிகள் நிலை குறித்த உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அதை இறுதி செய்த மாநாட்டில் 26 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியா இல்லை, பாகிஸ்தான் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து எல்லை கடந்திருந்தார்கள். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய இடப்பெயர்வுகளில் ஒன்று அது. ஆனால் உடன்படிக்கை வரைந்த அகதிக்கு இரண்டு அடையாளங்கள் தேவைப்பட்டன. 1951 ஜனவரி 1-க்கு முன் நடந்த நிகழ்வுகளால் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். கையெழுத்திடும் நாடு விரும்பினால், அந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் நடந்தவை என்று மட்டும் சுருக்கிக்கொள்ளலாம். இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருந்தாக வேண்டும். லாகூரிலிருந்து அமிர்தசரசுக்கு ஓடி வந்தவர் வந்த இடத்தில் குடியுரிமை பெற்றுவிட்டார் என்பதால் அவர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. இந்த வரையறை ஐரோப்பாவுக்காக வெட்டப்பட்டது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஐ.நா. விவாதங்களில் அப்போதே குறை சொல்லின.

கால எல்லையை 1967-இன் நெறிமுறை நீக்கியது. இட எல்லை பெரும்பாலான நாடுகளில் தளர்ந்தது. துருக்கி இன்றளவும் ஐரோப்பியரைத்தான் முழு அகதியாக ஏற்கிறது. அந்தத் துருக்கிதான் சிரியாவிலிருந்து வந்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பல ஆண்டுகள் தாங்கியது. லெபனானும் ஜோர்டானும் பாகிஸ்தானும் வங்கதேசமும் உடன்படிக்கையில் சேரவே இல்லை. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் சில மாதங்களில் வந்து சேர்ந்தது வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு. உலக அகதிகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் வாழ்வது வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில்.

கையெழுத்துக்கும் அடைக்கலத்துக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். அந்த விலகலுக்கு வரலாற்றுக் காரணம் தேடியவர் சிம்னி. 1998-இல் அகதிகள் ஆய்வு இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை, தெற்கிலிருந்து பார்த்தால் அகதிகள் ஆய்வின் புவி அரசியல் எப்படித் தெரிகிறது என்பதைப் பேசியது. இன்று உலகெங்கும் இந்தத் துறை மாணவர்கள் படிக்கும் கட்டுரை அது. அதன் வாதம் கூர்மையானது. பனிப்போர்க் காலத்தில் மேற்குலகு மனத்தில் வைத்திருந்த இயல்பான அகதி வெள்ளையர், ஆண், கம்யூனிச எதிர்ப்பாளர். 1980-களில் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்கள் நேராக ஐரோப்பிய விமான நிலையங்களில் வந்து இறங்கத் தொடங்கியதும், இவர்கள் வேறு வகையினர், இவர்களுடைய பிரச்சினை வேறு என்ற ஒரு கற்பிதம் உருவாக்கப்பட்டது. அதை அவர் வேற்றுமைப் புனைவு என்று அழைத்தார். அந்தப் புனைவுக்கு ஆய்வுலகமும் துணைபோனது என்பது அவருடைய குற்றச்சாட்டு. வறுமை, இனச்சண்டை, கெட்ட ஆட்சி என்று ஓடி வந்தவரின் நாட்டுக்குள்ளேயே காரணம் தேடினார்கள். ஆயுதம் விற்றவர், கடன் கொடுத்தவர், ஆட்சியைக் கவிழ்த்தவர் யார் என்ற கேள்வி ஆய்வுக்கு வெளியே நின்றுவிட்டது.

1956-இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரியாவுக்கு நடந்து வந்தார்கள். உடன்படிக்கையின் கால எல்லைக்குப் பிந்தைய நிகழ்வு என்று சொல்லி அவர்களை யாரும் தடுக்கவில்லை. சட்டத்துக்கு விரிவான பொருள் கொடுத்து, சில மாதங்களிலேயே அமெரிக்கா, கனடா என்று மூன்று டஜனுக்கும் மேற்பட்ட நாடுகள் அவர்களைப் பகிர்ந்து ஏற்றன. மனம் இருந்தபோது நெறி எவ்வளவு விரியும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

மனம் மாறியபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டாம். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் லண்டனுக்குப் போகத் தொடங்கினார்கள். 1985 மே மாதத்தில் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்களுக்கு அது விசா விதித்தது அதுவே முதல் தடவை. கலவர பூமியிலிருந்து தப்பி ஓடுகிறவர் அதே பூமியில் உள்ள தூதரகத்தில் வரிசையில் நின்று, நான் தப்பி ஓடப் போகிறேன் என்று விசா கேட்க முடியுமா? 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய தமிழர் குழு ஒன்றைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படம் பிரிட்டிஷ் நாளிதழ்களில் வந்தது. சில வாரங்களில் பாராளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்து அந்த ஆண்டே சட்டமானது. சரியான ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் அவரை ஏற்றி வந்த விமான நிறுவனம் ஆயிரம் பவுண்டு அபராதம் கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். கொழும்பு விமான நிலையத்தில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் ஊழியரே அன்று முதல் பிரிட்டனின் எல்லைக் காவலரானார்.

அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஆறு தமிழர்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. அகதியின் அச்சம் அவர் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது, உண்மையான ஆபத்து இருக்கிறதா என்று அரசு வெளியிலிருந்து மதிப்பிடலாம் என்று அது சொன்னது. அகதிச் சட்டம் படிக்கும் எவரும் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. தீர்ப்புக்குப் பிறகு அவர்களில் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஐந்து பேரின் மேல்முறையீட்டை ஆராய்ந்த நடுவர் 1989-இல் அவர்களுடைய அச்சம் நியாயமானதே என்று கண்டு, அவர்களைத் திரும்ப வரவழைக்கச் செய்தார். பிழையான மதிப்பீட்டின் விலையை இடைப்பட்ட மாதங்களில் கொடுத்தவர்கள் அந்த ஐவர்.

உடன்படிக்கையில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அதன் வாசலை மட்டும் அடைத்துவிடும் இந்தக் கலையை, உள்ளே வரவிடா ஆட்சிமுறை என்று அகதிச் சட்ட அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். சிம்னியின் எழுத்தில் இது மையமான கருத்து. திருப்பி அனுப்பாதே என்பதுதான் நெறி. வந்து சேர்ந்தவரைத்தானே திருப்பி அனுப்ப முடியும்? ஆகவே வந்து சேரவே விடாதே. அமெரிக்கா 1981 முதல் ஹைதி நாட்டவரின் படகுகளை நடுக்கடலில் மறித்தது. 1993-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் சரி என்றது. திருப்பி அனுப்பாமை என்ற கடமை அமெரிக்க மண்ணுக்கு வெளியே கடலில் பொருந்தாது என்பது பெரும்பான்மையின் வாதம். பிளாக்மன் என்ற ஒரே நீதிபதி மாறுபட்டு எழுதினார்.

2014-இல் நடந்தது இன்னும் நமக்கு அருகில். அந்த ஆண்டு ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு படகு புறப்பட்டது. உள்ளே 157 இலங்கைத் தமிழர்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகில் ஆஸ்திரேலியா அவர்களை மறித்துச் சுங்கத்துறைக் கப்பலுக்கு மாற்றியது. ஏறத்தாழ ஒரு மாதம் அவர்கள் கடலிலேயே தடுத்து வைக்கப்பட்டார்கள். எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே அரசு முதலில் மறுத்தது. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப முயன்று, முடியாமல், கடைசியில் நவ்ரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்தக் கடல்சிறை சட்டப்படி சரியே என்றது. 2014 ஜூலை முதல் வாரத்தில் இன்னொரு படகிலிருந்த 41 இலங்கையரை, கடலிலேயே சுருக்கமாக விசாரித்து, இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். எவரிடமிருந்து ஓடினார்களோ அவரிடமே.

1951 உடன்படிக்கை நடைமுறைக்கு வர ஆறு நாடுகளின் ஒப்புதல் தேவையாக இருந்தது. 1954-இல் ஆறாவதாக ஒப்புதல் தந்து அதற்கு உயிர் கொடுத்த நாடு ஆஸ்திரேலியா. இந்த ஒரு செய்தியை மாணவர்கள் மறக்கக் கூடாது.

நெறிகளைப் பற்றிய கல்வித்துறைப் பேச்சு வேறு ஒரு நம்பிக்கையில் வளர்ந்தது. மார்த்தா ஃபின்னமோரும் கேத்ரின் சிக்கிங்கும் 1998-இல், அதாவது சிம்னியின் கட்டுரை வந்த அதே ஆண்டில், நெறிகளுக்கு ஒரு வாழ்க்கைச் சக்கரம் உண்டு என்று எழுதினார்கள். முதலில் சிலர் ஒரு நெறிக்காகக் குரல் கொடுக்கிறார்கள். போதிய நாடுகள் சேர்ந்ததும் அது அருவியாகப் பாய்கிறது. பிறகு கேள்வி கேட்க வேண்டாத அளவுக்கு இயல்பாகிவிடுகிறது. அடிமை ஒழிப்புக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் இந்தச் சித்திரம் பொருந்தும். அகதி நெறிக்கு ஏன் பொருந்தவில்லை? இயல்பாகிவிட்ட ஒரு நெறி, அதைப் பெற்றெடுத்த நாடுகளின் கையாலேயே ஏன் குறுகுகிறது? நெறி பரவுவதைப் பேசும் கோட்பாட்டுக்கு இதற்கு நல்ல விடை இல்லை. யாருடைய நலனுக்காக அந்த நெறி எழுந்தது, அந்த நலன் தீர்ந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்கும் சிம்னிக்கு விடை இருக்கிறது. இந்த இடத்தில் அவர் பக்கமே நியாயம் கூடுதல்.

ஆனாலும் நெறி மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஒடிசாவில் பிறந்த அமிதாவ் ஆசார்யா 2004-இல் இதைத் தென்கிழக்கு ஆசியாவை வைத்துக் காட்டினார். வெளியிலிருந்து வரும் நெறியை உள்ளூர் மக்கள் தங்கள் பழக்கவழக்கத்தோடு சேர்த்துப் புதிதாக வார்த்துக்கொள்கிறார்கள் என்றார். 2021-இல் மிசோரம் அதைத்தான் செய்தது. மார்ச் 10 அன்று உள்துறை அமைச்சகம் வடகிழக்கின் நான்கு எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. யாருக்கும் அகதி நிலை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை, ஊடுருவலைத் தடுங்கள் என்றது கடிதம். மிசோரம் முதலமைச்சர் சோரம்தங்கா பிரதமருக்குப் பதில் எழுதினார். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சின் மக்கள் எங்கள் ரத்த உறவுகள், அவர்கள் துயரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்பது அதன் சாரம். தேவாலயங்களும் இளைஞர் சங்கங்களும் ஊர்மக்களும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டார்கள். பக்கத்து மணிப்பூரில் உணவும் தங்குமிடமும் தர முகாம் திறக்காதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக்குப் பிறகு மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. திருப்பி அனுப்பாதே என்று சொல்லும் 1951 உடன்படிக்கையின் 33ஆம் பிரிவை மிசோரம் தலைநகர் ஐசாலின் தெருக்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? நெறி அங்கே உயிரோடு இருந்தது.

தமிழ்நாட்டுக் கடற்கரையும் 1983-இல் அப்படித்தான் இருந்தது. தலைமன்னாரிலிருந்து படகேறி அரிச்சல்முனை மணலில் இறங்கியவர்களிடம் ராமேஸ்வரத்து மீனவர்கள் கடவுச்சீட்டு கேட்கவில்லை. மண்டபம் முகாம் நிரம்பி, மாவட்டந்தோறும் முகாம்கள் எழுந்தன. 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2021-இல் சட்டமன்றத்தில் அரசு சொன்ன கணக்கின்படி ஏறக்குறைய 58,800 பேர் 108 முகாம்களிலும், 34,000 பேர் முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டும் வாழ்ந்தார்கள். மாதந்தோறும் பணக்கொடை, ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை எல்லாம் கிடைத்தன. கையெழுத்திட்ட பல நாடுகள் தராத கொடை இது.

அதே தமிழ்நாட்டில் 1991 மே 21-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதும் இந்த அவைக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் முகாம் மக்கள் அனைவர்மீதும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். விரும்பித்தான் போகிறார்கள் என்றது அரசு. முகாம்களில் நெருக்கடி கொடுக்கப்படுகிறது என்று புகார்கள் எழுந்தன. பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். உண்மையிலேயே விரும்பிப் போகிறார்களா என்று ஐ.நா. அதிகாரிகள் சோதிக்க வேண்டும், விரும்பாதவரை முகாமிலேயே இருக்க விட வேண்டும் என்று கேட்டார்கள். 1992-இல் உயர் ஆணையர் அலுவலகம் சென்னையில் தன் கிளையைத் திறந்தது. ஓர் உலக அமைப்பு விருப்பத்தைச் சோதிக்கும்போது, சம்மதம் உண்மையானதா என்று பார்ப்பது தன் வேலையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்பைச் சிம்னியின் இன்னொரு ஆய்வோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1999-இல் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்தின் ஆய்வுத் தாள் வரிசையிலேயே, அந்த அலுவலகத்தின் கொள்கை வரலாற்றை விமரிசித்து அவர் எழுதினார். அகதிப் பிரச்சினைக்கு நிலையான தீர்வு என்று மூன்று வழிகள் சொல்வார்கள்: தாய்நாடு திரும்புதல், வந்த நாட்டில் கலத்தல், மூன்றாம் நாட்டில் குடியேறுதல். பனிப்போர்க் காலத்தில் நடைமுறையில் முன்னுரிமை பெற்றது மூன்றாம் நாட்டுக் குடியேற்றம். 1985 வாக்கில், விரும்பித் திரும்புதலே சிறந்தது என்று பேச்சு மாறியது. 1993-இல் விருப்பம் என்ற சொல் பின்னுக்குப் போய், பாதுகாப்பாகத் திரும்புதல் வந்தது. 1996-இல் திணிக்கப்பட்ட திரும்புதல் என்ற எல்லையை எட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில், மாத இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்ற கெடுவுடன் தான்சானியா ஏறக்குறைய ஐந்து லட்சம் ருவாண்டா அகதிகளை அனுப்பியபோது, உயர் ஆணையர் அலுவலகம் அதற்குத் துணைநின்றது. திரும்பிப் போவது பாதுகாப்பானதா என்பதை யார் முடிவு செய்வது? அகதியா, அரசா, ஐ.நா. அதிகாரியா? விருப்பம் போய் பாதுகாப்பு வந்ததும், முடிவு அகதியின் கையைவிட்டு அதிகாரியின் கைக்குப் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றமும் அதே அதிகாரியிடம்தான் பொறுப்பை ஒப்படைத்தது.

இந்தியாவைப் பற்றிச் சிம்னி எழுதியவற்றில் முக்கியமான கட்டுரை 2003-இல் ரணபீர் சமாதார் தொகுத்த நூலில் உள்ளது. இந்திய அரசின் நிலையை அவர் திட்டமிட்ட தெளிவின்மை என்று வருணிக்கிறார். சட்டம் இல்லாதது மறதியால் அல்ல, வசதிக்காக என்பது அவர் கணிப்பு. திபெத்தியருக்கு ஒரு முறை, இலங்கைத் தமிழருக்கு ஒரு முறை, மற்றவர்கள் டெல்லியில் ஐ.நா. அலுவலகத்தின் அட்டையை வாங்கிக்கொள்ளலாம். அந்த அட்டைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1946-இன் வெளிநாட்டினர் சட்டத்தின் முன் அகதியும் விசா முடிந்த சுற்றுலாப் பயணியும் ஒன்றாகவே கருதப்பட்டார்கள். 2025 செப்டம்பர் முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் அகதி என்ற தனி வகை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா விதியிலிருந்து விலக்குத் தந்து ஓர் ஆணை வந்தது. அது நல்ல செய்திதான். ஆணையால் கிடைத்ததை இன்னோர் ஆணை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகள் இருந்தன, இலங்கை இல்லை.

இனி, சிம்னியோடு மாறுபட வேண்டிய இடம். இந்தியா 1951 உடன்படிக்கையில் சேர வேண்டுமா என்ற கேள்விக்கு, வடக்கு நாடுகள் அதன் உயிர்நாடியை அறுத்துக்கொண்டிருக்கும்போது தெற்கு நாடுகள் மட்டும் போய்க் கையெழுத்திடுவது பொருத்தமில்லை என்ற திசையில் அவர் வாதிட்டார். முதலில் அவர்கள் தங்கள் கடமையை ஒழுங்காகச் செய்யட்டும், நாம் உள்நாட்டுச் சட்டம் இயற்றிக்கொள்வோம் என்பது அவர் நிலை. வாதத்தின் முதல் பாதி அரசுகளுக்கிடையிலான நீதியைப் பேசுகிறது. அதில் வலு உண்டு. ஆனால் டெல்லி அந்த முதல் பாதியைக் கேடயமாக எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கிடப்பில் போட்டது. 1997-இல் நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான குழு தெற்காசிய நாடுகளுக்கு ஒரு மாதிரிச் சட்டம் வரைந்து கொடுத்தது. சசி தரூர் 2015-இலும் 2022-இலும் தனிநபர் மசோதாக்கள் கொண்டுவந்தார். எதுவும் சட்டமாகவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் அனுப்பக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு விதிவிலக்கின்றிச் சொல்கிறது. ஒப்புதல் மட்டும் இன்னும் தரவில்லை. வடக்கின் பாசாங்கு இதற்கு எப்படிக் காரணமாகும்?

சட்டம் இல்லாத நாட்டில் அகதியின் விதி அவர் எந்த நீதிபதியின் முன் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களைக் காக்க வேண்டியது மாநில அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1998-இல் ஈராக் அகதிகள் இருவர் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பாமையை 21ஆம் பிரிவோடு சேர்த்து வாசித்தது. 2018 அக்டோபரில் ரோஹிங்கியா ஆண்கள் எழுவரை அசாமிலிருந்து மியான்மாருக்கு அனுப்பியபோது உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா தர்மசாலை அல்ல என்று சொன்னது. அடைக்கலம் உரிமையாக இல்லாமல் தர்மமாகவே இருந்தால், இன்று கொடுத்த தர்மத்தை நாளை நிறுத்தலாம். முகாம் பிள்ளைகளின் கல்லூரி இடங்கள் ஓர் ஆட்சியில் கிடைத்து, இன்னோர் ஆட்சியில் நின்று, மீண்டும் கிடைத்ததைப் பார்த்த மாநிலம் இது. நாற்பது ஆண்டு கழித்தும் முகாமில் பிறந்த பேரப்பிள்ளைகள் ஆவணத்தில் வெளிநாட்டவராகவே இருக்கிறார்கள்.

2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது; வீடுகளும் கட்டித் தருகிறது. பாராட்ட வேண்டிய செயல்கள். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய இடமும் டெல்லிதான்.

இந்த அவையில் சட்ட மாணவர்கள் இருக்கிறீர்கள்; வழக்கறிஞர்களும் இருக்கிறீர்கள். கேட்க வேண்டியது ஒரு தேசிய அகதிகள் சட்டம். புகலிடம் கேட்பவரின் மனுவை யார், எத்தனை நாளுக்குள் முடிவு செய்வார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மனு முடியும்வரை அவரை அனுப்பக் கூடாது. மறுக்கப்பட்டால் மேல்முறையீடு வேண்டும். வேலை செய்யவும் படிக்கவும் உரிமை வேண்டும். தலைமுறை கடந்து வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி வேண்டும். நாடும் மதமும் பார்த்து அந்தச் சட்டம் ஆளுக்கொரு அளவுகோல் வைக்கக் கூடாது. ஈழத்தமிழருக்குக் கேட்கும் அதே வாயால் ரோஹிங்கியாவுக்கும் கேட்க வேண்டும். சிம்னியின் நூல்கள் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். பகவதி குழுவின் மாதிரிச் சட்டத்தை எடுத்துப் படித்து, இன்றைய நிலைக்குத் திருத்தி, உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.